கூகுளுக்கு உங்கள் பையன் 41 வயது ஆள்

கொளத்தூரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருப்பது இது. மகனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருவதால் அப்பாவின் பழைய போனை அவனிடம் கொடுத்திருந்தார்கள். போன வாரம் அதன் ஹிஸ்டரியில் ஓர் ஆபாசத் தளத்தின் பெயர் கண்ணில் பட்டிருக்கிறது. 41 வயது அப்பா போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பையன் இரண்டு நாளாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "எல்லாவற்றையும் தடுக்கிற மாதிரி ஒரு ஆப் சொல்லுங்கள், காசு கொடுத்தாலும் பரவாயில்லை" என்கிறார்.

சகோதரி, அப்படி ஒரு ஆப் கிடையாது. அப்படிச் சொல்லி விற்கிறவர்கள் உண்டு, அது வேறு விஷயம். நான் சென்னையில் இருபது வருடமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூட லேப்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், சின்ன ஆபீஸ்கள் என்று இணைப்பு அமைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. உங்கள் கேள்வியை எங்களிடம் யாரும் உட்கார வைத்துக் கேட்க மாட்டார்கள். வேலை முடிந்து நான் செருப்பு மாட்டுகிற நேரத்தில் வாசல் வரை வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நீங்கள் நேராகக் கேட்டுவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: "அப்பாவின் பழைய போன்." அந்த போனில் யாருடைய கூகுள் கணக்கு இருக்கிறது? அப்பாவுடையது. கணக்கு தொடங்கும்போது பிறந்த தேதி என்ன கொடுத்தார்? தன்னுடையது. அப்படியானால் கூகுளுக்கும் யூடியூபுக்கும் பிளே ஸ்டோருக்கும், அந்த போனைக் கையில் வைத்திருப்பவர் 41 வயது ஆண். இந்த நிறுவனங்கள் பிள்ளைகளுக்கென்று சில கதவுகளைப் பூட்டித்தான் வைத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பூட்டுகள் எல்லாமே வயது என்ற ஒரே ஆணியில் தொங்குகின்றன. 41 வயது ஆளுக்கு எதற்காகக் கதவைப் பூட்டப் போகிறார்கள்? அப்பா ராத்திரி பதினொரு மணிக்கு என்ன பார்த்தாரோ அதை வைத்துத்தான், மறுநாள் சாயங்காலம் பையனுக்கு யூடியூப் அடுத்த வீடியோவை நீட்டும்.

ஆகவே எந்த ஆப்பையும் வாங்குவதற்கு முன்னால், இணையத்தில் உங்கள் பையனை முதலில் பையனாக்குங்கள். அவன் பெயரில், அவனுடைய உண்மையான பிறந்த தேதியோடு, புதிதாக ஒரு கூகுள் கணக்கு தொடங்குங்கள். 13 வயதுக்குக் கீழ் என்றால் அதை ஒரு பெற்றோரின் கணக்கோடு இணைக்கச் சொல்லும். அதற்கான செயலி ஃபேமிலி லிங்க். இலவசம். பழைய போனில் இருக்கும் போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு, போனை முழுதாக ரீசெட் செய்து, பையனின் கணக்கை மட்டும் போடுங்கள். "அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்" என்று அப்பாவின் கணக்கையும் விட்டு வைத்தால் எல்லாம் வீண். கணக்கு மாற்ற இரண்டு தட்டு போதும், பிள்ளைகளுக்கு அது நம்மை விட நன்றாகத் தெரியும்.

இதைச் செய்தவுடன் என்ன மாறும்? கூகுள் தேடலில் ஆபாச முடிவுகளை வடிகட்டும் சேஃப் சர்ச் தானாகவே இயங்கும். குரோமில் ஹிஸ்டரி பதியாமல் பார்க்க உதவும் இன்காக்னிட்டோ ஜன்னல் காணாமல் போகும். ஆபாசத் தளங்களைக் குரோமே தடுக்க முயலும். புது ஆப் எதை இறக்க வேண்டுமானாலும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும்படி வைக்கலாம். பிளே ஸ்டோருக்கு வெளியே நண்பன் அனுப்புகிற ஏபிகே கோப்பை நிறுவ முடியாமலும் செய்யலாம். நான் பார்த்தவரை, தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு போக உதவும் விபிஎன் ஆப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. யூடியூபுக்கு, சின்னப் பிள்ளை என்றால் யூடியூப் கிட்ஸ். உங்கள் பையன் வயதில் அதைக் காட்டினால் "நான் என்ன பாப்பாவா?" என்பான். அவனுக்குக் கண்காணிப்புடன் கூடிய சாதாரண யூடியூப் இருக்கிறது, அதில் 9 வயதுக்கு மேல் என்ற படிநிலையைத் தேர்ந்தெடுங்கள்.

ஐபோன் வீடுகளில் இதே வேலையை ஸ்கிரீன் டைம் செய்கிறது. அதில் வயது வந்தோர் தளங்களைக் கட்டுப்படுத்து என்பதை இயக்கினால் சஃபாரியின் பிரைவேட் ஜன்னலும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அதன் ரகசிய எண், போனைத் திறக்கிற எண்ணாக இருக்கக் கூடாது. இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன், மூன்று வீடுகளில் பார்த்த பிறகு சொல்கிறேன்.

அப்புறம், கொஞ்சம் சங்கடமான விஷயம். உங்கள் கணவரின் இப்போதைய போனின் கேலரியை ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள், அவரையே. அவரைக் குற்றம் சொல்லவில்லை. நம் ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ஏதாவதொரு "ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ்" குரூப்பில் இருக்கிறோம். காலையில் முருகன் படம், மதியம் அரசியல் மீம், ராத்திரி வேறு ஒன்று. நாம் திறந்தே பார்க்காவிட்டாலும் வாட்ஸ்அப் அதை இறக்கி கேலரியில் போட்டுவிடும். தங்கச்சி பிறந்தநாள் போட்டோவைத் தேடப் போகிற பிள்ளை வரிசையாக எல்லாவற்றையும்தான் பார்க்கும். அந்தப் பழைய போனிலும் அப்படி ஏதாவது மிச்சம் கிடந்திருக்கலாம். வாட்ஸ்அப் அமைப்பில் மீடியா தானாக இறங்குவதை நிறுத்தலாம், இறங்கியது கேலரியில் தெரியாமலும் மறைக்கலாம். உங்களை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்பதை தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் என்று மாற்றலாம். ஐந்து நிமிட வேலை. சொந்தமாக வாட்ஸ்அப் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயதாக வேண்டும். உங்கள் பையனுக்கு 11 தான் என்பதால், வகுப்பு குரூப் உங்கள் போனில் இருக்கட்டும். வீட்டுப்பாடத்தை அவன் உங்களிடம் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போகட்டும்.

பையன் அந்தத் தளத்துக்கு எப்படிப் போனான் என்று கேட்டீர்களா? தேடித்தான் போயிருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். இந்த வயதில் நான் பார்த்த பெரும்பாலான கதைகளில் ஆரம்பம் ஒரு புதுப்படம் அல்லது ஒரு கிரிக்கெட் மேட்ச். வெள்ளிக்கிழமை ரிலீஸான படத்தை இலவசமாகக் காட்டும் திருட்டுத் தளத்தில், பிளே பட்டனைத் தொட்டால் முதலில் படம் வராது. சூதாட்ட விளம்பரம் ஒரு ஜன்னலில், அரைகுறை உடையில் ஒரு பெண் இன்னொரு ஜன்னலில் என்று திறக்கும். பெரிய நிறுவனங்கள் அங்கே விளம்பரம் கொடுக்காது, யார் கொடுப்பார்களோ அவர்களை வைத்துத்தான் அந்தத் தளங்கள் ஓடுகின்றன. எங்கள் காலத்தில் பர்மா பஜாரில் திருட்டு விசிடி வாங்கினால் உள்ளே வேறு படம் இருக்கும் என்று கிண்டல் செய்வோம். இப்போது அந்தக் கடை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. "இலவசமாகப் படம் இறக்கித் தாடா" என்று பையனிடமே கேட்கிற வீடுகளும் எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். தடுப்பு எதுவுமே போடாமல் கிடைக்கிற பெரிய பாதுகாப்பு அது.

இனி வீட்டு வைஃபை. இங்கே செய்ய வேண்டியது டிஎன்எஸ் மாற்றம். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அது எந்த எண்ணில் இருக்கிறது என்று போன் ஒருவரைக் கேட்கும். ஆட்டோ ஸ்டாண்டில் விலாசம் கேட்பது மாதிரி. சாதாரண டிஎன்எஸ் எந்தத் தெருவைக் கேட்டாலும் வழி சொல்லும். குடும்ப டிஎன்எஸ் சில தெருக்களை மட்டும் "அப்படி ஒரு தெருவே இல்லையே" என்று கைவிரித்துவிடும். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் இதை இலவசமாகத் தருகிறது. ரௌட்டரில் போட வேண்டிய எண்கள் 1.1.1.3, 1.0.0.3. ஆட்கார்டின் குடும்ப டிஎன்எஸ் 94.140.14.15. அது விளம்பரங்களையும் சேர்த்துத் தடுப்பதால், மேலே சொன்ன ஜன்னல் தொல்லை உள்ள வீடுகளுக்கு நான் அதைத்தான் போடுகிறேன். இன்னும் கண்டிப்பாக வேண்டும் என்றால் கிளீன்பிரவுசிங்கின் குடும்ப வடிகட்டி, 185.228.168.168. கூகுள், யூடியூப் இரண்டையும் பாதுகாப்பு நிலைக்குத் தள்ளி, விபிஎன் தளங்களையும் ரெடிட் போன்ற கலப்புத் தளங்களையும் சேர்த்து மூடிவிடும். பெரியவர்களுக்கு எரிச்சல் வரும், இரண்டாவது நாளே வீட்டுக்காரர் போன் செய்வார்.

இதில் ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்தேன். என் வீட்டு ரௌட்டரில் குடும்ப டிஎன்எஸ் போட்டுவிட்டு, ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டு மூன்று வாரம் திரிந்தேன். ஒரு நாள் சும்மா சோதித்துப் பார்த்தால், தடுத்திருக்க வேண்டிய தளம் ஜம்மென்று திறக்கிறது. இணைய முகவரி எண்களில் பழையது ஐபிவி4, புதியது ஐபிவி6 என்று இரண்டு வகை உண்டு. நான் மாற்றியது ஐபிவி4 பக்கம் மட்டும். போன்கள் ஐபிவி6 வழியாக, இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸையே கேட்டுக்கொண்டிருந்தன. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து போட்ட கதை. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு இடத்திலும் மாற்றுங்கள். ஐபிவி6 முகவரிகள் அந்தந்த நிறுவனத் தளத்திலேயே இருக்கும். சில நிறுவனங்கள் கொடுக்கும் ரௌட்டரில் டிஎன்எஸ்ஸைத் தொடவே விடமாட்டார்கள். அப்போது ரிச்சி தெருவில் சாதாரண ரௌட்டர் ஒன்று வாங்கி அதன் பின்னால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ரௌட்டர் வீட்டுக்குள் மட்டும்தான் காவல். மாடிப்படி இறங்கி மொபைல் டேட்டாவுக்கு மாறினால் அதன் அதிகாரம் முடிந்தது. அதற்கு போனிலேயே வழி இருக்கிறது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பு உண்டு. அங்கே எண் செல்லாது, எழுத்தில் உள்ள முகவரி கேட்கும். கிளவுட்ஃபிளேர், ஆட்கார்டு இரண்டின் தளத்திலும் குடும்பத்துக்கென்று தனி முகவரி இருக்கிறது, அதைப் பார்த்து இடுங்கள். வைஃபை, டேட்டா இரண்டுக்கும் சேர்ந்து வேலை செய்யும்.

"இதெல்லாம் எதற்கு, அரசாங்கமே தடை செய்துவிட்டதே" என்று உங்கள் கணவர் கேட்கலாம். 2015இல் 857 தளங்களை மூடச் சொல்லிச் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 827 தளங்கள் மூடப்பட்டன. பெரிய பெயர்கள் சில அடுத்த முகவரியில் கடை திறந்துகொண்டன. அந்தத் தடையை நம்பி இருக்க முடியாது.

டிஎன்எஸ்ஸால் முடியாதது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளை என்னைத் திட்டுவீர்கள். அது தெருவை மறைக்கும். தெருவுக்குள் இருக்கும் ஒரு வீட்டை மட்டும் மறைக்காது. எக்ஸ் தளம் 2024 முதல் வயது வந்தோர் பதிவுகளை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. அந்தத் தளத்தைத் திறந்துவிட்டால் உள்ளே இருப்பதை டிஎன்எஸ் பார்க்காது. டெலிகிராம் சேனல்களும் அப்படியே. இன்ஸ்டாகிராமில் பதின்வயதுக் கணக்கு என்று ஒன்று 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அதன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். ஆனால் சேரும்போது பையன் 1999 என்று போட்டுவிட்டால், திரும்பவும் அதே கதை, அவன் பெரிய ஆள். இன்னொன்று நான் வேலையில் பார்த்தது. ஆங்கிலச் சொற்களில் இந்த வடிகட்டிகள் கெட்டிக்காரர்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினால் தடுமாறுகின்றன. இரட்டை அர்த்தம் பேசும் தமிழ் ஷார்ட்ஸ்களை எந்த வடிகட்டியும் புரிந்துகொண்டு நான் பார்த்ததில்லை.

டிவியையும் மறக்காதீர்கள், அதிலும் யூடியூப் அப்பாவின் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஓடிடிக்கு 2021 விதிகளின்படி யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று தரம் பிரித்து, 13+ முதல் பூட்டும் வசதி தர வேண்டும். பின் எண் போடுங்கள், பிள்ளைக்குத் தனி புரொஃபைல் வையுங்கள்.

இப்போது பையனிடம் வருவோம். இரண்டு நாளாகப் பேசாமல் இருப்பவன் எதற்காகப் பேசாமல் இருக்கிறான்? பார்த்தது பயமாக இருந்திருக்கலாம். அருவருப்பாக இருந்திருக்கலாம். கொஞ்சம் பிடித்தும் இருந்திருக்கலாம், அதனால் தான் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். போனைப் பூட்டியதில் அவனுக்குப் போன செய்தி ஒன்றுதான்: இனிமேல் ஏதாவது பார்த்தால் மாட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் இதைப் பேசச் சொற்கள் இல்லை. இருப்பதெல்லாம் "சீ", "கருமம்", "அந்த மாதிரி படம்". விசாரணை மாதிரி எதிரே உட்கார வைத்துப் பேசினால் அவன் வாய் திறக்க மாட்டான். பட்டாணி உரித்துக்கொண்டோ, வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டோ பேசுங்கள், முகம் பார்க்காமல் பேசுவது அவனுக்குச் சுலபம். "ஏன்டா பார்த்தே?" என்று தொடங்காதீர்கள். "கண்ணா, போன்ல ஏதோ வந்துச்சு போல. அம்மா உன்னைத் திட்டப் போறதில்ல. அதைப் பார்த்தப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவன் "தெரியல" என்பான். பரவாயில்லை. "அதுல வர்றது நடிப்பு. பெரியவங்க பணம் வாங்கிட்டு நடிக்கிறது. நிஜத்துல யாரும் யாரையும் அப்படி நடத்த மாட்டாங்க, நடத்தவும் கூடாது. மறுபடி வந்தா போனைக் கவுத்து வெச்சுட்டு என்கிட்ட வா, போன் பறிபோகாது." கடைசி வாக்கியம் முக்கியம். அதைச் சொன்னால் காப்பாற்ற வேண்டும். அடுத்த முறை அவனாக வந்து சொல்லும்போது உங்கள் கணவர் கத்தினால், அப்புறம் எந்த டிஎன்எஸ்ஸும் உதவாது. அவரும் ஒரு நாள் பேசட்டும். 13, 14 வயதில் பையன் கேட்கப் போகிற கேள்விகளுக்கு அம்மாவை விட அப்பாதான் வசதி, இப்போதே கதவைத் திறந்து வைத்தால்தான் அப்போது உள்ளே வருவான்.

பேசும்போது இன்னொன்றையும் மெதுவாகக் கேளுங்கள்: அந்த லிங்க்கை யாராவது அனுப்பினார்களா? வகுப்புப் பையன் என்றால் ஒரு மாதிரி. பெரியவர் யாராவது, கேம் விளையாடும்போது பழக்கமானவர், பக்கத்து வீட்டு அண்ணன், உறவுக்காரர் என்றால் அது வேறு விஷயம். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையிடம் ஆபாசப் படத்தைக் காட்டுவது 2012இன் போக்சோ சட்டப்படி பாலியல் தொல்லை, 3 ஆண்டு வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். பள்ளி சம்பந்தப்பட்டது என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. போலீஸ் என்றதும் பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போக வேண்டுமே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்துதான் பதிய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. கூடுமானவரை பெண் அதிகாரி வர வேண்டும்.

படத்தில் இருப்பதே ஒரு குழந்தை என்றால், தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளையின் படம் சுற்றுகிறது என்று தெரிந்ததும் அம்மாக்கள் முதலில் செய்வது, "பாருங்கள் என்ன அநியாயம்" என்று அதையே பெற்றோர் குரூப்பில் போடுவது. ஆதாரம் காட்டுவதாக நினைத்துக்கொண்டு செய்கிறார்கள். அந்தப் படத்தைப் பரப்புவதே குற்றம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். வைத்திருப்பதும் சிக்கல்தான். இறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. இதைக் குழந்தை ஆபாசப் படம் என்று அழைப்பதையே விட்டுவிடுங்கள், இது குழந்தையைச் சுரண்டியதன் பதிவு என்றும் சொன்னது. ஆகவே யாருக்கும் அனுப்பாதீர்கள். எந்த எண்ணிலிருந்து, எந்த குரூப்பில், எப்போது வந்தது என்று தாளில் குறித்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்கோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கோ போங்கள். தளத்தில் பெயர் சொல்லாமலும் இந்த வகைப் புகாரைக் கொடுக்கலாம். உங்கள் பிள்ளையின் படமே வெளியே போயிருந்தால், அமெரிக்காவில் உள்ள காணாமல்போன குழந்தைகளுக்கான மையம் நடத்தும் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. போனிலேயே அதற்கு ஒரு கைரேகை மாதிரி எண் உருவாகும், அந்த எண் மட்டும்தான் போகும். அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துத் தேடி எடுத்துவிடும். மிரட்டிப் பணம் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம்தான் மறுபடி கேட்பார்கள்.

உங்கள் பையன் விஷயம் அவ்வளவு தூரம் போனதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனை பீரோவிலிருந்து எடுங்கள். ரீசெட், புதுக் கணக்கு, டிஎன்எஸ் எல்லாவற்றையும் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே செய்யுங்கள். என்ன தடுக்கிறீர்கள், ஏன் தடுக்கிறீர்கள் என்று அவனுக்குத் தெரிந்தே நடக்கட்டும். அவனுக்குத் தெரியாமல் வேவு பார்க்கும் ஆப் எதையும் போடாதீர்கள், கண்டுபிடித்துவிடுவான். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் எல்லார் போனுக்கும் சார்ஜர் ஹாலில், அப்பாவுடையது உட்பட. பிரைவேட் டிஎன்எஸ்ஸில் முகவரி தட்டும்போது ஓர் எழுத்து பிசகினாலும் இணையமே வராது. அப்போது பயந்து எல்லாவற்றையும் கலைத்துவிடாதீர்கள், அந்த வரியை மட்டும் பையனையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.